யோசிக்காம அமுக்கு

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்தேன். அது கதையின் பின்பாதியில் வரும்.

போடியில் ஏலக்காய்க் கடை, ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கெல்லாம் கம்ப்யூட்டர் இருந்ததோ அங்கெல்லாம் அவள் வருவாள். ரிப்பேர் பார்ப்பதுதான் தொழில். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியபடியே உள்ளே நுழைவாள். நாற்காலியை இழுத்துப் போட்டால் முழங்காலால் தள்ளிவிட்டு, குனிந்து நின்றபடியே மவுஸைப் பிடிப்பாள். "உக்காரு தாயி" என்றால் "உக்காந்தா சோலி ஓடாதுண்ணே" என்பாள். வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது, நமக்கு மட்டும்தான் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. "அப்டேட்டு" என்றுதான் சொல்வார்கள். அவள் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பினாலே, "ஏலே, அப்டேட்டு வருது, மெசினை அமத்து" என்று கத்துகிற கடைக்காரர்கள் உண்டு. எனக்குப் பெயர் தெரியும். இங்கே எழுதினால் சண்டைக்கு வருவாள், வேண்டாம்.

பிரவுசரின் மூலையில் புதுப்பிக்கச் சொல்லி ஒரு சின்ன அம்புக்குறி வருமே, அதைக் கண்டுவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. மவுஸ் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டால்கூட, முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பாள். "அப்புறம்" என்ற வார்த்தையை அவள் காதில் போடவே கூடாது. "எந்த அப்புறம்? இன்னைக்கா, நாளைக்கா, எத்தனை மணிக்கு?" என்று பிடித்துக்கொள்வாள். சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. மறுநாள் வருவாள். "அமுக்கிட்டீங்களாண்ணே?" ஒப்புக்கொள்வது அவளுக்குப் போதாது. கண் முன்னால் அமுக்க வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், அப்போதுதான் அவளை முழுசாகப் புரியும். ஒரு ஏலக்காய்க் கடையில் முதலாளி சாம்பிள் காயைத் தட்டில் கொட்டி, உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் பிரிண்டர் பார்க்கப் போனவள், சத்தமில்லாமல் அந்த அம்புக்குறியை அமுக்கிவிட்டாள். அதே நேரம் போடிமெட்டு செக்போஸ்ட்டில் அவர் லோடு ஜீப்பு நிற்கிறது, பில்லை இங்கிருந்து போட்டு அனுப்பினால்தான் நகரும். பிரவுசர் மூடி, மெசின் ஒருதரம் அணைந்து, திரும்ப வந்து, எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் போன் மேல் போன். "மொதலாளி, பனி எறங்குது, பின்னாடி வண்டிக்காரன் எல்லாம் வையுறான்!" முதலாளி தட்டை விட்டெறிந்தார். காய் கடை முழுக்கச் சிதறியது. "யாரைக் கேட்டு அமுக்குன?" என்று அவர் குதிக்கிறார். இவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எட்டு நிமிசம்ணே. எட்டு நிமிசம் பொறுக்க மாட்டீங்களா?"

"என் லோடு நடுரோட்டுல நிக்குது!"

"லோடு நிக்கலாம்ணே. இது நிக்கக் கூடாது."

அந்தக் கடைக்காரர் அப்புறம் ஆறு மாதம் அவளைக் கூப்பிடவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஏன் இப்படி என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன். டீயையும் நின்றுதான் குடிப்பாள். முன்பு மதுரையில் ஒரு ஆபீசில் வேலை பார்த்தாளாம். ஒரு சாயங்காலம் பஸ்சைப் பிடிக்கிற அவசரத்தில் "பிறகு நினைவூட்டு" என்பதை அமுக்கிவிட்டு வந்துவிட்டாள். காலையில் போனால் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரும் திறக்கவில்லை. எவனோ எல்லாவற்றையும் பூட்டிவிட்டிருந்தான். "அப்புறம்னு அமுக்குனது நாந்தாண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இனி என் கதை. ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு நெட் சென்டர், மூன்று கம்ப்யூட்டர். மலையில் ஏலக்காய் எஸ்டேட்டுகளில் வேலை செய்கிற பெண்கள் லீவு நாளில் இறங்கி வருவார்கள். பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப், ஹால் டிக்கெட், சாதிச் சான்று, காலேஜ் விண்ணப்பம் எல்லாம் என்னிடம்தான். ஆளுக்கொரு மெயில் திறந்து, பாஸ்வேர்டு போட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை வரும்போது தாள் இருக்காது. மழையில் நனைந்திருக்கும், ஈரச் சேலையோடு துவைத்திருப்பார்கள். "நீயே வச்சுக்கய்யா, எங்களுக்கு எதுக்கு அது?" என்பார்கள். நானும் நடு மெசினில் இருக்கிற பிரவுசரிலேயே எல்லாருடையதையும் சேமித்துவிட்டேன். பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் போதும், மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். எண்பது பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. "போடிமெட்டுல இருந்து குரங்கணி வரைக்கும் என் நடு மெசின்ல இருக்குடா" என்று சொல்லிக்கொள்வேன். எவ்வளவு பெரிய கூறுகெட்ட வேலை அது என்று அப்போது உறைக்கவில்லை.

அந்த நடு மெசினை நான் புதுப்பிக்க விடவே மாட்டேன். முன்பொரு தரம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, சேமித்ததில் பாதியைத் தின்றுவிட்டது. அன்றைக்குக் கடை முழுக்க ஆட்கள். கடைசி ஜீப்புக்குள் முடித்தாக வேண்டும் என்று அவர்கள் நிற்க, நான் ஒவ்வொருவராக மறந்த பாஸ்வேர்டை மீட்டுக்கொண்டு அழாத குறை. அன்றிலிருந்து அம்புக்குறி என்ன கலரில் வந்தாலும் நான் கண்டுகொள்வதில்லை.

எங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. போடியில் கம்ப்யூட்டர் வைத்துப் பிழைக்கிற ஐம்பது அறுபது பேர். எல்லாரும் நாலு தெருவுக்குள்தான் கடை வைத்திருந்தோம். ஆனாலும் நேரில் பேசாததையெல்லாம் அதில் பேசுவோம். நான் ஒரு பதிலைத் தட்டி அனுப்பினால், பக்கத்து டீக்கடையில் நிற்கிற அவள் போன் "டிங்" என்று அடிப்பது எனக்கே கேட்கும். எட்டிப் பார்த்து வாயால் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டோம். குரூப்பில் அறுபது பேர் பார்க்கிறார்களே!

அந்த வருடம் மே மாதக் கடைசியில் அவள்தான் ஆரம்பித்தாள். பிரவுசரில் பெரிய ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள், எல்லாரும் இன்றைக்கே புதுப்பியுங்கள் என்று போட்டாள். எதிர்த்து முதலில் எழுதியவன் நான். "ஓடிக்கிட்டு இருக்குறதை எதுக்கு நோண்டணும்?" என்று கேட்டேன். ஜெராக்ஸ் கடை பாண்டி எனக்குக் கைதட்டுகிற எமோஜி பொம்மை போட்டான். அவள் விடுவாளா? பதில் வந்தது. நான் அதற்குப் பதில் போட்டேன். பத்து நாள் ஓடியது. காலையில் கடையைத் திறந்து சாமிக்குப் பத்தி கொளுத்துவதற்கு முன்னால் போனைத்தான் எடுத்தேன். சோற்றைப் பிசைந்த கையை நக்கிவிட்டு இடது கையால் டைப் அடித்தேன். என் பெண்டாட்டி, "அந்தப் புள்ளையக் கட்டிக்கிட்டா அழுவுறீங்க, இப்படிச் சண்டை போடுறீங்க?" என்றாள்.

உண்மையில் அந்தப் பத்து நாளும் என் நடு மெசின் சரியாக இல்லை. தானாக விளம்பரம் திறந்தது, திணறியது. குரூப்பில் அதை மூச்சுவிடவில்லை. சொன்னால் தோற்றுவிடுவேனே.

நான் எழுதினேன்: "அப்டேட்டு போட்டா பழைய வெப்சைட்டு ஓடலை. மலையில இருந்து வர்ற சனத்துக்கு யார் பதில் சொல்றது?"

அவள் எழுதினாள்: "போடாம இருந்து எல்லாம் போனா யார் பதில் சொல்வீங்கண்ணே?"

"எல்லா அப்டேட்டும் நல்லதுன்னு எப்படிச் சொல்ற? பாத்து, விசாரிச்சு, அப்புறம்தான் போடணும்."

இந்த "அப்புறம்" அவளைக் கிளப்பிவிட்டது. உடனே ஒரு குரல் செய்தி. மூச்சு வாங்க, ஸ்கூட்டர் சத்தத்தோடு. "பாக்குறேன், விசாரிக்கிறேன்னு சொல்றவங்க யாரும் பாக்குறதும் இல்லை, விசாரிக்கிறதும் இல்லை. இதுல யோசிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்தா, யோசிக்காம அமுக்குங்க. அம்புட்டுத்தான்."

அது பிடித்துப்போய்விட்டது எல்லாருக்கும். "யோசிக்காம அமுக்கு" என்று ஒருத்தன் அவள் ஸ்கூட்டர் படத்தின் மேலே எழுதி ஸ்டிக்கர் செய்தான். பாண்டியே கட்சி மாறி அதை எனக்கு அனுப்பினான். பயலே, நேற்று வரைக்கும் எனக்குக் கைதட்டினாயேடா! கடைக்கு ஹால் டிக்கெட் எடுக்க வந்த ஒரு பையன்கூட, "என்னண்ணே, யோசிக்காம அமுக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மூக்குக்கு மேல் கோபம் எனக்கு.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். ஒரு பெண்ணின் போட்டோவை விண்ணப்பத்துக்குத் தகுந்த அளவில் சின்னதாக்க, ஏதோ ஒரு தளத்தைத் திறந்தேன். திரை முழுக்க ஒரு மஞ்சள் பலகை எழும்பியது. உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, உடனே புதுப்பியுங்கள் என்று. கீழே பச்சையில் ஒரு பொத்தான்.

ஒரு நிமிடம் பார்த்தேன். சே, போகட்டும், இத்தோடு இந்தச் சண்டையை முடித்துவிடலாம் என்று தோன்றியது. போனை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்தேன். பொத்தானை அமுக்கினேன். படத்தைக் குரூப்பில் போட்டு, "அமுக்கிட்டேன் தாயி. யோசிக்கவே இல்லை. சந்தோசமா?" என்று எழுதினேன். கைதட்டல் பொம்மைகள் மழையாகக் கொட்டின. எனக்கே ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன்.

நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் ஓடி வந்தாள். ஸ்கூட்டரில் இல்லை, ஓடி. கட்டபொம்மன் சிலைப் பக்கமிருந்த ஆடிட்டர் ஆபீசிலிருந்து வெறும் கையோடு ஓடி வந்திருக்கிறாள். உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து நெட் ஒயரைப் பிடித்து இழுத்தாள். மூன்று மெசினிலும் நெட் நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"என்ன பண்ற நீ?"

"அது இது இல்லண்ணே!"

"எது எது இல்லை?"

"நெசமான அப்டேட்டு அந்த மூலையிலதான் வரும். பக்கத்துக்கு நடுவுல இப்படிப் பலகை மாதிரி எந்திரிச்சு வராது. இது திருட்டுப் பய வச்சது. இதுல என்னென்ன சேமிச்சு வச்சிருக்கீங்க?"

நடு மெசினைக் காட்டினேன். "மலை பூராவும்" என்றேன்.

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். "நீ சொல்லித்தானே அமுக்குனேன்! யோசிக்காம அமுக்குன்னு அறுபது பேருக்கு முன்னாடி நீதானே சொன்ன! இப்படிப் போலி வரும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சு ஏன் சொல்லலை? பத்து நாளா வாய் கிழியப் பேசுனியே, இது ஒண்ணைச் சொல்ல முடியலையா?"

கால் தட்டுவது நின்றிருந்தது. ஒயரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா நீங்க அதைப் பிடிச்சுக்குவீங்கண்ணே. 'பாத்தியா, அப்டேட்டுலயே திருட்டு இருக்கு, நான் சொன்னேன்ல'ன்னு வந்து நிப்பீங்க. ஒரு இடம் கொடுத்தா பூந்துருவீங்கன்னுதான் அதை மட்டும் விட்டுட்டேன்."

சொல்லியிருந்தால் நான் அப்படித்தான் செய்திருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை.

அன்று முழுக்க இரண்டு பேரும் சாப்பிடவில்லை. வேறொரு சுத்தமான மெசினை எடுத்து வந்து, எண்பது பேருக்கும் ஒவ்வொன்றாகப் பாஸ்வேர்டை மாற்றினோம். பாதிப் பேருக்குப் போன் செய்து, அவர்கள் போனுக்கு வருகிற ஓடிபி எண்ணைக் கேட்க வேண்டும். மலையில் சிக்னல் எங்கே இருக்கிறது? காய் எடுக்கிற இடத்தில் போன் அடித்தால் கங்காணி திட்டுவான் என்று எடுக்க மாட்டார்கள். இருட்டுவதற்குள் ஐம்பது சொச்சம் முடிந்தது. மிச்சத்தைக் காலையில் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். முதல் தடவையாக ஒரு "அப்புறம்" அவளிடமிருந்து தப்பியது. அவளுக்கும் களைப்பு.

காலையில் முருகாயி அக்காவின் மகள் கௌசல்யாவின் மெயில் திறக்கவில்லை. எவனோ முந்திக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றிவிட்டான்.

முருகாயி அக்கா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காய் எடுக்கிறவர். புருசன் இல்லை, ஒரே மகள். கௌசல்யா நல்ல மார்க் வாங்கி நர்சிங் காலேஜுக்குப் போட்டிருந்தாள். பக்கத்திலேயே, வாராவாரம் வீட்டுக்கு வந்து போகிற தூரத்தில் இடம் கிடைத்திருந்தது. அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று இன்னும் ஒன்றரை நாளுக்குள் மெயில் வழியாக உள்ளே போய் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் என் கடை போன் நம்பரைக்கூட நான் சரியாகக் கொடுக்கவில்லை, பழைய நம்பர். மீட்க வழியே இல்லை.

மறுநாள் விடிந்ததும் முருகாயி அக்காவையும் கௌசல்யாவையும் கூட்டிக்கொண்டு அவள் மதுரைக்கு பஸ் ஏறினாள். நானும் போனேன். நர்சிங் சேர்க்கை உதவி மையத்தில் இருந்தவர் நல்ல மனிதர்தான். எழுதிக் கொடுங்கள், மெயிலை மாற்றித் தருகிறோம், இரண்டு நாள் ஆகும் என்றார். இவள் அந்த மேசைக்கும் வாசலுக்கும் நடந்த நடை இருக்கிறதே! "சார், சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது சார். எட்டு நிமிசம் போதும் சார், நீங்க அமுக்குனா முடிஞ்சுரும்." அவர் கையை விரித்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்தபோது முருகாயி அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து மகளுக்குச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன நடந்தது என்று முழுசாகப் புரியவில்லை. எங்களுக்குத்தான் புரிந்தது.

அடுத்த சுற்றில் இடம் கிடைத்தது. கடலோரத்தில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். வருடத்துக்கு இரண்டு தடவை வரலாம்.

குரூப்பில் அவள் ஒரே ஒரு செய்தி போட்டாள். "போலி அப்டேட்டு வரும்னு எனக்குத் தெரியும். வாதத்துல செயிக்கணும்னு அதை மறைச்சேன். தப்பு என்னோடது. நெசமான அப்டேட்டை இப்பவும் அன்னைக்கே போடுங்க. ஆனா எங்க இருந்து வருதுன்னு பாத்துட்டுப் போடுங்க." அதற்குக் கீழே பாண்டி சிரிப்புப் பொம்மை போட்டான். இன்னொருத்தன், "அண்ணன் செயிச்சுட்டார்" என்று என்னைக் குறித்து எழுதினான். எனக்கு அப்படியே எரிந்தது. என் மெசின் பத்து நாளாகக் கோளாறாக இருந்ததையும், மலை முழுவதையும் ஒரே பிரவுசரில் பூட்டி வைத்ததையும் அன்றைக்கே நான் எழுதியிருக்க வேண்டும். விரலை வைத்து வைத்து எடுத்தேன், எழுதவில்லை. இன்று வரைக்கும் எழுதவில்லை, இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அவள் மலைக்குப் போக ஆரம்பித்தாள். எண்பது பேர் வீட்டுக்கும். யாரும் சொல்லவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. கூலிக்காரப் பெண்கள் போகிற ஜீப்பில், விடியக்காலை அவர்களோடு நெருக்கியடித்து ஏறிக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு திரும்பும்போதெல்லாம் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவள் மட்டும் கம்பியைப் பிடித்து அரைவாசி நின்றபடியே வந்தாள்.

எஸ்டேட் லயத்தில் வரிசையாகப் பத்து வீடு. மலையாளச் சூப்பர்வைசர் ஒருத்தர் எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, இவிடே எந்தா பணி?" என்று கேட்டார். "பூட்டு மாத்த வந்திருக்கேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கடைசி வீடு முருகாயி அக்காவுடையது. கௌசல்யா கிளம்பிப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசலில் அவளுடைய பழைய செருப்பு அப்படியே கிடந்தது. அக்கா எங்களுக்குப் பாலில்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தார். இதற்குள் அவருக்கும் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டம்ளரை நீட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் போன்ல சண்டை போட்டீங்க. எம்புள்ள தூரமாப் போயிருச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குனியவில்லை. "ஆமாக்கா" என்றாள். கண்ணில் நீர் ஓடியது, துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அக்காவின் போனை வாங்கி எதையோ திறந்து, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"இதுல ஒரு பாஸ்வேர்டு போடுங்கக்கா. எட்டு எழுத்து. உங்க மனசுல இருக்குறது எதுனாலும் சரி. எங்கிட்டச் சொல்லக் கூடாது. இந்த அண்ணன்கிட்டயும் சொல்லக் கூடாது. ஒங்க மகளைத் தவிர யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"எனக்கு எங்க தாயி தெரியும்? நீயே போட்டு வச்சிரு."

"மாட்டேன்கா."

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். லயத்து வாசலில், சிமெண்டுத் தரையில், அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என்னையும் கண்ணால் அதட்டினாள். நானும் திரும்பி உட்கார்ந்தேன். எதிரே சரிவு முழுக்க ஏலச் செடி, மேலே பனி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அக்கா ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்கினார். தப்பாகப் போனது. அழித்தார். திரும்பவும் முதலிலிருந்து. கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஜீப்பு கீழே ஆரன் அடித்தது. எனக்கே பொறுக்கவில்லை, "வெரசாக்கா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் அசையவில்லை. கால் தட்டவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையை அவ்வளவு அமைதியாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எண்பது வீட்டையும் முடித்த பிறகு, கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் வேலை என்று போய்விட்டாள். குரூப்பை விட்டும் வெளியேறிவிட்டாள். "சென்றுவிட்டார்" என்று சின்ன எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே பாண்டி யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டான். பேச்சு அப்படியே போய்விட்டது. இரண்டு தடவை போன் செய்தேன். "அண்ணே, சோலியா இருக்கேன், கூப்பிடுறேன்" என்றாள். பின்னால் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. அவள்தான் நடந்துகொண்டிருந்திருப்பாள்.

என் நடு மெசினில் இப்போது எதுவும் சேமித்து வைப்பதில்லை. மூலையில் அம்புக்குறி வந்தால் அன்றைக்கே அமுக்கிவிடுகிறேன், ஆனால் மூலையில்தானா என்று மூன்று தடவை பார்க்கிறேன். எட்டு நிமிடமும் சும்மா உட்கார முடிவதில்லை. எழுந்து வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். பெண்டாட்டி கிண்டல் செய்கிறாள்.

போன வாரம் முருகாயி அக்கா வந்தார். கௌசல்யாவுக்கு முதல் வருட மார்க் வந்திருக்கிறதாம், பெரிய திரையில் பார்க்க வேண்டுமாம். பழக்கதோஷம், நடு மெசினில் பக்கத்தைத் திறந்துவிட்டு, நான் பாட்டுக்குக் கீபோர்டில் கையை வைத்துவிட்டேன். அக்கா என் கையை எடுத்து ஓரமாக வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏலக்காய்க் கறை பட்டுக் கறுத்த அந்த ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பு, அங்கிட்டுத் திரும்பு."

திரும்பினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. நடுவில் ஒரு இடத்தில் நின்றது, அழிந்தது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. வெளியே ஜீப்புக்காரன் ஆரன் அடித்து ஆள் கூப்பிட்டான். எட்டாவது எழுத்து விழுந்த பிறகும், அக்கா "ம்" என்று சொல்கிற வரைக்கும் நான் திரும்பவில்லை.